அயர்லாந்துக் காப்பகங்களில் முன்னோரைத் தேட: பெயரில் தொடங்காதீர்கள்

கேள்வி திருச்சி பொன்மலையில் வேர்விட்ட ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்திலிருந்து வந்தது. பாட்டி வழியில் மர்ஃபி என்றொரு முன்னோர், 1850களில் மதராஸ் ஐரோப்பியப் படையில் சிப்பாய், சொந்த ஊர் அயர்லாந்தின் கார்க் கவுண்டி. வீட்டில் தெரிந்தது இவ்வளவுதான். காப்பகங்களின் இணைய கேட்டலாக்கில் 'மர்ஃபி, கார்க்' என்று போட்டால் சம்பந்தமில்லாதவை வந்து கொட்டுகின்றன, முழுப்பெயரைப் போட்டால் ஒன்றுமே இல்லை. 1922ல் எல்லாம் எரிந்துவிட்டதாமே, இனித் தேடிப் பயன் உண்டா என்று கேட்கிறார்கள்.

உண்டு. எரிந்தது எது, எரியாதது எது என்று பிறகு சொல்கிறேன். உங்களுடைய உண்மையான சிக்கல் நெருப்பு இல்லை, தேடும் விதம்.

காப்பகத்தின் கேட்டலாக்கில் இருப்பது காகிதக் கட்டுகளின் பட்டியல். அதில் ஒரு வரி இப்படித்தான் இருக்கும்: 'எஸ்டேட் குத்தகை வசூல் புத்தகம், 1842–1851, ஒரு தொகுதி.' அந்த ஒரு தொகுதிக்குள் நானூறு குத்தகைதாரர்களின் பெயர் இருக்கலாம், அதில் முப்பது பேர் மர்ஃபியாக இருக்கலாம். ஆனால் பட்டியல் எழுதிய காப்பக ஊழியர் அந்த நானூறு பெயரையும் தட்டச்சு செய்திருக்க மாட்டார். அதனால் பெயரைப் போட்டால் அந்தப் புத்தகம் உங்கள் கண்ணில் படாது. பட்டியல் வரியிலேயே பெயர் வந்த வக்கீல் மர்ஃபி, பாதிரியார் மர்ஃபி, மதுக்கடை மர்ஃபி ஆகியோர்தான் வரிசையாக வந்து நிற்பார்கள். 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று திரை சொன்னால், அந்தப் பெயர் விவர வரிகளில் இல்லை என்று மட்டுமே அர்த்தம். காகிதத்தில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி, அதற்குக் கேட்டலாக் பதில் சொல்வதில்லை.

குழப்பம் ஏன் வருகிறது என்றால், ஒரே நிறுவனத்தின் தளத்தில் இரண்டு வகைத் தேடல் இருக்கிறது. டப்ளின் பிஷப் தெருவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வம்சாவளிப் பிரிவில் 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தசமபாகக் கணக்கேடுகள் (திருச்சபைக்காக நிலத்தின் மேல் விதித்த வரியின் ஏடுகள்), உயில் அட்டவணைகள், பழைய மதிப்பீட்டு ஏடுகள் எல்லாம் ஒவ்வொரு பெயராகக் குறியிடப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே பெயரைப் போடலாம், போடவேண்டும். அதே காப்பகத்தின் பொது கேட்டலாக் வேறு. அங்கே இடத்தின் பெயரையும், நிலச்சுவான்தாரின் பெயரையும், அலுவலகத்தின் பெயரையும் போடவேண்டும். இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

சரி, நெருப்பு. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்க நாட்களில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் நடந்த வெடிப்பிலும் தீயிலும் அயர்லாந்தின் பொது ஆவண அலுவலகம் அழிந்தது. ஏழு நூற்றாண்டுக் காகிதம் போயிற்று. 1821, 1831, 1841, 1851 கணக்கெடுப்புகளில் சில துண்டுகள் தவிர எல்லாம் போயின. அசல் உயில்கள் போயின. அயர்லாந்துத் திருச்சபை, அதாவது ஆங்கிலிக்கன் திருச்சபை, அங்கே ஒப்படைத்திருந்த பங்கு ஏடுகள், அதாவது ஒவ்வொரு கோவில் வட்டாரத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள் போயின. 1861 முதல் 1891 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளும் இல்லை, ஆனால் அதற்கும் 1922க்கும் சம்பந்தமில்லை. முதல் இரண்டை எடுத்த கொஞ்ச காலத்திலேயே அரசே அழித்தது. அடுத்த இரண்டும் முதல் உலகப்போர் காலத்தில் காகிதக்கூழ் ஆயின. எல்லாப் பழியையும் ஃபோர் கோர்ட்ஸ் தலையில் போடுவது வழக்கமாகிவிட்டது.

அந்தக் கட்டடத்தில் இல்லாதவை எவை என்று பாருங்கள். பிறப்பு இறப்புப் பதிவுகள் தலைமைப் பதிவாளரிடம் இருந்தன. கத்தோலிக்க ஞானஸ்நான ஏடுகள் அந்தந்தப் பங்குச் சாமியாரிடம் இருந்தன. நிலப் பத்திரங்கள் ஹென்ரியேட்டா தெருவில் பத்திரப் பதிவகத்தில் இருந்தன. டப்ளின் கோட்டையிலிருந்த அரசுக் கடிதங்கள் தப்பின. எஸ்டேட் கணக்குகள் பிரபுக்களின் மாளிகையில் இருந்தன. ஏழையர் விடுதிகளின் ஏடுகள் ஊர்களில் இருந்தன. கத்தோலிக்கக் குத்தகைக் குடும்பம் ஒன்றைத் தேடுகிறவருக்கு இதில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கிறது. உங்கள் மர்ஃபி பெரும்பாலும் அந்த வகைதான்.

எரிந்துபோனதே வேறு வழியில் திரும்பி வந்த கதையும் உண்டு. 1908ல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது, 1909 ஜனவரி முதல் 70 வயதானவர்களுக்குப் பணம். ஆனால் அயர்லாந்தில் எல்லோருக்குமான பிறப்புப் பதிவே 1864ல்தான் தொடங்கியது. 1838ல் பிறந்த கிழவி தன் வயதை எதைக் காட்டி நிரூபிப்பாள்? '1841ல், 1851ல் கணக்கெடுத்தார்களே, அதில் என் பெயர் இருக்கும்' என்று மனுப் போட்டாள். மனுவில் தகப்பன் பெயர், தாயின் பெயர், அப்போது குடும்பம் இருந்த ஊர், பங்கு, பாரனி (கவுண்டியின் உட்பிரிவு), கவுண்டி எல்லாம் கொடுத்தாள். ஆவண அலுவலக ஊழியர் அசல் கணக்கெடுப்பைப் புரட்டி, கண்டுபிடித்தால் அந்தக் குடும்பத்தில் இருந்தவர்களைக் குறித்தார், இல்லாவிட்டால் இல்லை என்று எழுதினார். பிறகு கணக்கெடுப்பு எரிந்தது. தேடல் படிவங்கள் எரியவில்லை. இப்போது அவை தேசியக் காப்பகத்தின் தளத்தில் பெயர்வாரியாகக் கிடைக்கின்றன.

இது உங்களுக்கு ஏன் முக்கியம்? உங்கள் சிப்பாய் 1909ல் கார்க்கில் இல்லை. ஆனால் அவருக்கு ஊரிலேயே தங்கிவிட்ட தம்பியோ தங்கையோ இருந்திருக்கலாம். ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தது அவர்களாக இருந்தால், உங்களுக்கு வேண்டிய தாய் தகப்பன் பெயரும் ஊரும் அந்தப் படிவத்தில் உட்கார்ந்திருக்கும். அயர்லாந்துத் தேடலில் நேர்க்கோட்டில் மட்டும் போகிறவர்கள் சீக்கிரம் முட்டிக்கொள்வார்கள். பக்கத்துக் கிளைகளையும் பிடித்துப் போகவேண்டும். சந்தடிசாக்கில் இன்னொன்று: 1901க்கும் 1911க்கும் நடுவில் பத்து வயதுக்குப் பதில் பதினைந்து வயது கூடிய கிழவர் கிழவிகளை அந்தக் கணக்கெடுப்புகளில் நிறையவே பார்ப்பீர்கள். ஓய்வூதியம் படுத்திய பாடு அது. வயதை நம்பி ஆளை ஒதுக்கிவிடாதீர்கள்.

இனி இடம். அயர்லாந்தில் இடம் என்றால் டவுன்லேண்ட், நிலத்தின் மிகச் சிறிய பிரிவு. கவுண்டி, பாரனி, சிவில் பங்கு (அரசு நிர்வாகத்துக்கான பங்கு), அதற்குள் டவுன்லேண்ட் என்று இறங்கும். நாடு முழுக்க 60,000க்கும் மேல். சில நூறு ஏக்கர்தான் இருக்கும், பல அதைவிடச் சிறியவை. ஒரே பெயரில் ஒரே கவுண்டிக்குள்ளேயே பல டவுன்லேண்ட் உண்டு. இதற்குக் குறுக்கே ஏழையர் சட்ட யூனியன் என்ற இன்னொரு பிரிவு, ஏழையர் விடுதி நடத்த ஊர்களைச் சேர்த்து வகுத்தது, ஓடுகிறது. 1838 சட்டத்தில் 130 யூனியன்கள் வந்தன, பின்னால் 163 ஆயின. பிறப்பு இறப்புப் பதிவு மாவட்டங்கள் இந்த யூனியன்களையே பின்பற்றின. அதனால் ஒரு பிறப்பு அட்டவணையில் 'ஸ்கிபரீன்' என்றோ 'கான்டர்க்' என்றோ பார்த்தால் அது ஊர் என்று எண்ணிவிடாதீர்கள், அந்த யூனியனுக்குள் எங்கே வேண்டுமானாலும் பிறந்திருக்கலாம். கத்தோலிக்கப் பங்கு எல்லையும் சிவில் பங்கு எல்லையும் வேறு வேறு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர்ப்பெயர் கைக்கு வந்ததும் லோகனிம் என்ற அரசு இடப்பெயர்த் தளத்தில் போட்டு, அது எந்தப் பங்கு, எந்தப் பாரனி என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கேட்டலாக்கில் தேடப்போவது இந்தப் பெயர்களைத்தான்.

பழைய பெயர்களிலும் தேடுங்கள். கோவ் துறைமுகம் விக்டோரியா காலத்தில் குயின்ஸ்டவுன். ஆஃபலி கவுண்டி கிங்ஸ் கவுண்டி, லீஷ் குயின்ஸ் கவுண்டி. காகிதம் எழுதப்பட்ட காலத்துப் பெயரைத்தான் பட்டியலும் பெரும்பாலும் தாங்கியிருக்கும்.

'கார்க் மட்டும்தான் தெரியும், டவுன்லேண்டுக்கு எங்கே போவது' என்பீர்கள். உங்கள் விஷயத்தில் அதற்கு வழி அயர்லாந்தில் இல்லை, லண்டனில் இருக்கிறது. 1850களின் மதராஸ் ஐரோப்பியப் படை கிழக்கிந்தியக் கம்பெனியின் படை. அதில் அயர்லாந்துக்காரர்கள் ஏராளம். கம்பெனியின் மதராஸ் படைப் பதிவுகள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலகத் தொகுப்பில் எல்/மில்/11 என்ற வரிசையில் இருக்கின்றன. மதராஸ் மாகாணத்துக் கிறிஸ்தவ ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் என்/2 வரிசை. இதில் பெரும்பகுதியை ஃபைன்ட்மைபாஸ்ட் என்ற கட்டணத் தளத்தில் பெயர்வாரியாகத் தேடலாம். கத்தோலிக்கப் பதிவுகள் எல்லாமே லண்டனுக்குப் போய்விடவில்லை, ஆகவே திருச்சியிலும் பரங்கிமலையிலும் உள்ள பங்கு ஏடுகளை மறக்கவேண்டாம்.

கம்பெனி ஆட்சி முடிந்த பிறகு, 1860களின் தொடக்கத்தில் அந்த ரெஜிமென்ட் அரசியின் படைக்கு மாறி 102ஆம் ரெஜிமென்ட் ஆயிற்று. 1881ல் அதுவே ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸின் முதல் பட்டாளம். மதராஸில் கம்பெனிக்காகத் திரட்டிய படை கடைசியில் டப்ளின் பெயரைத் தாங்கியது! உங்கள் ஆள் மாற்றத்துக்குப் பிறகும் பணியில் இருந்து ஓய்வூதியத்தோடு விலகியிருந்தால், அவருடைய தாள்கள் லண்டன் க்யூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில், டபிள்யூ.ஓ. 97 வரிசையில் இருக்க வாய்ப்புண்டு. அந்தத் தாளின் அச்சு வாசகமே 'இன்ன பங்கில், இன்ன நகருக்கு அருகில், இன்ன கவுண்டியில் பிறந்தவர்' என்று ஆளைக் கேட்டு நிரப்பும்படி இருக்கும். எழுதியவர் பெரும்பாலும் இங்கிலாந்துக்காரர், சொன்னவர் கார்க் உச்சரிப்பில் சொல்லியிருப்பார், ஆகவே எழுத்துக்கூட்டல் தாறுமாறாக இருக்கும். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், பல சமயம் ஊர் பிடிபடும்.

பிரிட்டிஷ் நூலகத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் அதன் கேட்டலாக்குகள் முடங்கி, நீண்ட காலம் திரும்பவில்லை. இணையத்தில் எதைக் கண்டாலும் அதன் குறிப்பெண்ணை முழுதாக, சாய்கோடு உட்பட, உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள். இணைப்பை மட்டும் சேமித்து வைத்தவர்கள் அப்போது தவித்துப் போனார்கள். தளங்கள் மாறும், இணைப்பு செத்துப்போகும், குறிப்பெண் அநேகமாக நிற்கும்.

பங்கின் பெயர் கிடைத்ததும் க்ரிஃபித் மதிப்பீட்டுக்கு வாருங்கள். 1847 முதல் 1864 வரை அயர்லாந்து முழுவதும் வீடு நிலம் ஒவ்வொன்றுக்கும் வரி விதிக்க எடுத்த கணக்கு அது. கணக்கெடுப்புகள் அழிந்த பின் அந்தத் தலைமுறைக்கு நாடு தழுவிய பட்டியல் இதுதான். ஆஸ்க் அபவுட் அயர்லாந்து தளத்தில் வரைபடத்தோடு இலவசம். முதல் பத்தியில் வரைபட எண், அடுத்தது குடியிருப்பவர் பெயர், அதற்கடுத்தது 'நேரடிக் குத்தகை விட்டவர்', பிறகு வீடா நிலமா என்ற விவரம், பரப்பு, மதிப்பு. ஒரே டவுன்லேண்டில் மூன்று டேனியல் மர்ஃபி இருந்தால் கணக்கர் என்ன செய்தார்? 'மர்ஃபி, டேனியல் (ஜான்)' என்று அடைப்புக்குறிக்குள் தகப்பன் பெயரைப் போட்டார். நம் இனிஷியல் மாதிரிதான். சில சமயம் தகப்பன் பெயருக்குப் பதில் பட்டப்பெயரோ தொழிலோ இருக்கும். இந்த அடைப்புக்குறி ஒரு தலைமுறையை இலவசமாகத் தருகிறது, பலர் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள்.

ஆனால் கேட்டலாக் தேடலுக்கு உயிர்நாடி மூன்றாவது பத்தி, அந்தக் குத்தகை விட்டவர். உங்கள் மர்ஃபிக்குச் சொந்த நிலம் இருந்திருக்காது. நிலம் ஒரு பிரபுவுடையது, அவருக்கு ஒரு காரியஸ்தர், காரியஸ்தருக்கு ஒரு கணக்கு. அந்தக் கணக்குத்தான் இன்று 'எஸ்டேட் பேப்பர்ஸ்' என்ற பெயரில் காப்பகங்களில் கிடக்கிறது. குத்தகை வசூல், நிலுவை, குத்தகைச் சீட்டு, நில அளவை வரைபடம், வெளியேற்ற நோட்டீஸ், 'ஐயா, வாடகை தள்ளுங்கள், மாடு செத்துவிட்டது' என்கிற ரக மனுக்கள். சாதாரணக் குடியானவனின் வாழ்க்கை இவ்வளவு நெருக்கமாகப் பதிவானது வேறு எதிலும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே கேட்டலாக்கில் போடவேண்டியது மர்ஃபியை அல்ல, மர்ஃபியின் நிலச்சுவான்தாரை. கார்க்குக்கு ஒரு நல்ல குறுக்குவழி இருக்கிறது. கால்வே பல்கலைக்கழகத்தின் லேண்டட் எஸ்டேட்ஸ் தரவுத்தளம் கனாக்ட், மன்ஸ்டர் மாகாணங்களின் எஸ்டேட் குடும்பங்களைத் தொகுத்திருக்கிறது, கார்க் மன்ஸ்டரில்தான் வருகிறது. குடும்பப் பெயரைப் போட்டால் நிலம் எங்கெங்கே இருந்தது, காகிதங்கள் எங்கே இருக்கின்றன என்று சொல்லிவிடும். பான்ட்ரி பக்கம் என்றால் பான்ட்ரி எஸ்டேட் தொகுப்பு கார்க் பல்கலைக்கழகக் கல்லூரி நூலகத்தில். டெவன்ஷயர் பிரபுவின் நிலம் என்றால் லிஸ்மோர் கோட்டைக் காகிதங்கள் டப்ளின் தேசிய நூலகத்தில்.

எங்கே இருக்கும் என்பதில் தர்க்கம் பார்க்காதீர்கள். காகிதம் குடும்பத்தைப் பின்பற்றிப் போகும், கவுண்டியைப் பின்பற்றிப் போகாது. மொனஹன் கவுண்டி இன்று அயர்லாந்துக் குடியரசில் இருக்கிறது, ஆனால் அங்கே காரிக்மக்ராஸ் பகுதியில் இருந்த ஷெர்லி எஸ்டேட்டின் காகிதங்கள் எல்லை தாண்டி பெல்ஃபாஸ்டில், வட அயர்லாந்துப் பொது ஆவண அலுவலகத்தில் டி/3531 என்ற எண்ணில் இருக்கின்றன. ஸ்லைகோவில் பாமர்ஸ்டன் பிரபுவுக்கு இருந்த எஸ்டேட் பற்றிய காகிதம் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில். விக்லோவில் பெரும் நிலம் வைத்திருந்த ஃபிட்ஸ்வில்லியம் குடும்பத்தின் காகிதம் ஒரு பகுதி டப்ளினில், பெரும்பகுதி ஷெஃபீல்டில். இதனால்தான் அயர்லாந்துக் கேட்டலாக்குகளோடு நிறுத்தாமல் க்யூ காப்பகத்தின் டிஸ்கவரி என்ற கேட்டலாக்கிலும் போட்டுப் பார்க்கவேண்டும். அது தன் இருப்பை மட்டுமல்லாமல் பிரிட்டன் முழுவதும் உள்ள மற்ற காப்பகங்களின் இருப்பையும் காட்டும். இதே தர்க்கத்தில்தான் 1781 முதல் 1785 வரை மதராஸ் கவர்னராக இருந்த மெக்கார்ட்னியின் காகிதங்களில் ஒரு பகுதி பெல்ஃபாஸ்டில் இருக்கிறது. அவர் ஆன்ட்ரிம் கவுண்டிக்காரர்.

எஸ்டேட் காகிதம் எவ்வளவு தரும் என்பதற்கு ராஸ்காமன் கவுண்டியின் ஸ்ட்ரோக்ஸ்டவுன் ஒரு சான்று. பஞ்சத்தின் நடுவே, 1847ல், மேஜர் டெனிஸ் மஹோன் தன் எஸ்டேட்டிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பினார். வழியிலும் தனிமை முகாமிலும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். அந்த நவம்பரில் மஹோன் சுட்டுக் கொல்லப்பட்டார். எஸ்டேட்டின் காகிதங்கள் இன்று தேசிய நூலகத்தில் பேக்கன்ஹம் மஹோன் தொகுப்பாக இருக்கின்றன. அங்கிருந்து வந்த குடும்பம் ஒன்றைத் தேடுகிறவர் தன் குடும்பப் பெயரைப் போட்டால் இந்தத் தொகுப்பைத் தொடவே முடியாமல் போகலாம், 'ஸ்ட்ரோக்ஸ்டவுன்' என்று போட்டால் நேராக வந்து இறங்குவார்.

தேடல் முடிவில் ஒரு வரி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலேயே நின்றுவிடக் கூடாது. கேட்டலாக் அடுக்குகளாக எழுதப்படுகிறது: மேலே தொகுப்பு, அதற்குள் வரிசை, அதற்குள் கோப்பு, கடைசியில் ஒற்றைத் தாள். தேடல்பெட்டி உங்களைக் கீழ்த்தளத்தில் எங்கோ இறக்கிவிடும். மேலே ஏறுங்கள். ஷெர்லி தொகுப்பையே பாருங்கள். குறிப்பெண்ணில் கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பதை நீக்கிவிட்டு டி/3531 என்று மட்டும் போட்டால், அந்தத் தொகுப்பு முழுவதும் விரியும். அதில் குத்தகை வசூல் ஒரு பக்கம், குத்தகைதாரர் மனுக்கள் ஒரு பக்கம், குடிபெயர்வுக்கு எஸ்டேட் கொடுத்த உதவி பற்றிய தாள்கள் ஒரு பக்கம். நீங்கள் தேடிய சொல் அந்த வரிகளில் எதிலும் இல்லாமல் இருந்திருக்கலாம். பெல்ஃபாஸ்ட் காப்பகம் பெரிய தொகுப்புகளுக்குத் தனியாக முன்னுரையும் எழுதி இணையத்தில் போட்டிருக்கிறது. இவர்கள் யார், நிலம் எங்கே, காரியஸ்தர் யார், எந்த ஆண்டுகளுக்குக் காகிதம் இல்லை என்று விலாவாரியாக இருக்கும். குறிப்பெண்களைத் தேடுவதற்கு முன் அதைப் படியுங்கள்.

குறிப்பெண்ணின் முதல் எழுத்துகளும் பேசும். பெல்ஃபாஸ்டில் டி என்றால் தனியார் ஒப்படைத்தவை, பி.ஜி. என்றால் ஏழையர் விடுதி நிர்வாகக் குழுவின் ஏடுகள், எஸ்.சி.எச். என்றால் பள்ளி, எம்.ஐ.சி. என்றால் மைக்ரோஃபிலிம், அதில் திருச்சபைப் பதிவேடுகள் நிறைய. வி.ஏ.எல். என்றால் மதிப்பீட்டு ஏடுகள். இதில் 12/பி என்ற வரிசை, க்ரிஃபித்துக்குப் பிறகு 1864 முதல் 1933 வரை ஆண்டுக்காண்டு நடந்த மாற்றங்களின் கணக்கு, முழுப் படங்களாக இணையத்திலேயே இருக்கிறது, வட அயர்லாந்தின் ஆறு கவுண்டிகளுக்கு. பழைய பெயரை அடித்து, வேறு நிற மையில் புதிய பெயரை எழுதி, ஓரத்தில் ஆண்டைப் போட்டிருப்பார்கள். தகப்பன் பெயர் அடிபட்டு மகன் பெயர் வரும் ஆண்டுக்குச் சற்று முன்னால் ஒரு மரணம் இருக்கும் என்று ஊகித்து இறப்புப் பதிவில் தேடலாம்.

'மூடப்பட்டது' என்ற குறிப்பைப் பார்த்தால் மனம் தளர வேண்டாம். ஏழையர் விடுதி, மருத்துவமனை, பள்ளி ஏடுகளில் பிற்காலத் தொகுதிகளுக்கு இது சகஜம். மூடிவைக்கும் காலத்தை ஏட்டின் கடைசிப் பதிவு தேதியிலிருந்து கணக்கிடுவதால், 1890ல் தொடங்கி 1930 வரை ஓடும் ஏடு முழுவதும் மூடியிருக்கும். உங்களுக்கு வேண்டிய பழைய பக்கத்தை ஊழியர் பார்த்துச் சொல்ல முடியுமா என்று எழுதிக் கேட்கலாம்.

பெயரால் தேடினாலும் பலன் தரும் கேட்டலாக்குகள் சில உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். டப்ளின் கோட்டையிலிருந்து தப்பிய தலைமைச் செயலாளர் அலுவலகத்துக் கடிதங்களில் 1818 முதலான ஆண்டுகளுக்கு ஒவ்வொரு கடிதத்துக்கும் தனித்தனியாகச் சுருக்கம் எழுதியிருக்கிறார்கள். சிறையில் கிடக்கும் கணவனுக்காக மனைவி போட்ட மனு, வேலை கேட்டு ஓய்வுபெற்ற சிப்பாய் எழுதியது என எல்லாம் பெயரோடு வரும். ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டவர்களின் பட்டியலும் பெயர்வாரியானது. தேசிய நூலகத்தின் 'சோர்ஸஸ்' தரவுத்தளம் கையெழுத்துப் படிகளுக்கும் பழைய இதழ்க் கட்டுரைகளுக்குமான வழிகாட்டி. அங்கே குடும்பப் பெயரைவிட பங்கின் பெயரே நல்ல பலன் தரும்.

எரிந்ததை மீட்கும் முயற்சி ஒன்றும் நடக்கிறது. 2022 ஜூனில், நூறாவது ஆண்டில், டப்ளின் டிரினிட்டி கல்லூரி தலைமையில் அயர்லாந்தின் மெய்நிகர் ஆவணக் கருவூலம் திறக்கப்பட்டது. எரியும் முன் 1919ல் அச்சான ஆவணப் பட்டியலை அடித்தளமாக வைத்து, ஒவ்வொரு தொகுப்புக்கும் உலகெங்கும் உள்ள நகல்களைத் தேடிச் சேர்க்கிறார்கள். இலவசம். சேர்ந்துகொண்டே இருப்பதால் அவ்வப்போது போய்ப் பாருங்கள்.

திருச்சபை ஏடுகளும் பிறப்பு இறப்புப் பதிவுகளும் கேட்டலாக் விஷயம் அல்ல, ஆகவே சுருக்கமாக. கத்தோலிக்கப் பங்கு ஏடுகள், சுமார் 1880 வரை, தேசிய நூலகத் தளத்தில் 2015 முதல் படங்களாக இலவசம். அங்கே பெயர்த் தேடல் இல்லை, பங்கைத் தெரிந்து பக்கத்தைப் புரட்டவேண்டும். பல ஏடுகளில் பெயர்கள் லத்தீனில் இருக்கும். ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அத்தை மாமன்மார்தான். கார்க் ராஸ் மறைமாவட்டத்தின் பல பங்குகள் ஐரிஷ் ஜீனியாலஜி என்ற அரசுத் தளத்தில் பெயர்வாரியாக இலவசம். வட, கிழக்கு கார்க் பகுதிகள் க்ளாய்ன் மறைமாவட்டம், அதற்கு ரூட்ஸ் அயர்லாந்து என்ற கட்டணத் தளம். அரசுப் பதிவுகளில் 100 ஆண்டைக் கடந்த பிறப்பு, 75ஐக் கடந்த திருமணம், 50ஐக் கடந்த இறப்பு ஆகியவற்றின் படங்களும் ஐரிஷ் ஜீனியாலஜியில் இலவசம். பிறந்த தேதிக்கு முன்னாலேயே ஞானஸ்நானம் நடந்திருந்தால் வியக்காதீர்கள். தாமதப் பதிவுக்குத் தண்டம் உண்டு, தேதியைத் தள்ளிச் சொல்லிவிடுவார்கள்.

பத்திரப் பதிவகம் 1708 முதல் இருக்கிறது, அதன் ஏடுகள் ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் படங்களாக உள்ளன. குத்தகைக் குடியானவனுக்கு அதில் இடம் குறைவு. நிலச்சுவான்தார் எப்போது மாறினார் என்று தெரிந்துகொள்ள மட்டும் பயன்படும். இந்தத் தேடலில் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பகத்துக்கு மின்னஞ்சல் எழுதும்போது 'என் மர்ஃபி மூதாதையர் பற்றித் தகவல் தரவும்' என்று எழுதினால் பொதுவான ஒரு பதில்தான் வரும். 'இன்ன குறிப்பெண் கொண்ட குத்தகை வசூல் புத்தகம், 1845–1852, இன்ன டவுன்லேண்டின் பக்கங்களுக்கு நகல் எடுக்க என்ன செலவு' என்று எழுதினால் பதிலே வேறு மாதிரி இருக்கும். அந்தப் புத்தகம் உடையும் நிலையில் இருந்தால் நகல் மறுப்பார்கள், அப்போது டப்ளினிலோ கார்க்கிலோ கூலிக்குத் தேடித்தரும் ஆராய்ச்சியாளர் ஒருவரை ஒரு நாளுக்கு அமர்த்தலாம். குறிப்பெண் கையில் இருந்தால் ஒரு நாள் போதும், இல்லாவிட்டால் ஒரு வாரமும் பற்றாது.

உங்கள் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் என்/2வில் அவருடைய திருமணம், பிள்ளைகளின் ஞானஸ்நானம். திருமணப் பதிவில் தகப்பன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து எல்/மில்/11, டபிள்யூ.ஓ. 97 இரண்டிலும் படைத் தாள். பங்கின் பெயர் வந்ததும் லோகனிம், பிறகு க்ரிஃபித்தில் அந்தப் பங்கின் மர்ஃபிகள் எல்லோரும், தகப்பன் பெயரோடு ஒத்துப்போகிறவர்களின் டவுன்லேண்டும் குத்தகை விட்டவர் பெயரும். அந்தப் பெயரோடு லேண்டட் எஸ்டேட்ஸ், பிறகுதான் கேட்டலாக். இதற்கிடையில் ஓய்வூதியத் தேடல் படிவங்களில் கார்க் மர்ஃபிகளை ஒருமுறை முழுக்கப் பார்த்துவிடுங்கள். படைத் தாளில் பங்குக்குப் பதில் வெறும் 'கார்க்' என்று மட்டும் இருந்தால் அது நகரமாகவும் இருக்கலாம், கவுண்டியாகவும் இருக்கலாம், ஆகவே நகரம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அப்படியானால் படைத் தாளில் சேர்ந்த இடமும் தேதியும் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குச் சொல்லுங்கள், அதை வைத்து மேலே பார்க்கலாம்.